6-ம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? தேவிபட்டினம் – தொண்டி கரையோரத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கேட்பவர்: ஊர் திரும்பும் அம்மா, திருப்பூர்

பதினோரு வருடமாகத் திருப்பூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நான் அங்கேயே டெய்லர். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மாமியார் ஒருவரால் சமாளிக்க முடியவில்லை. அதனால் வருகிற மே மாதத்தோடு இங்கே கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடுகிறோம். ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, கடலை ஒட்டி இருக்கிறது. மாமனார் நாட்டுப்படகில் நண்டு வலை போட்டவர்.

மகள் இப்போது 5-ம் வகுப்பு, ஜூனில் 6. மகன் 2 முடித்து 3-க்குப் போகிறான். இங்கே இருவரும் மெட்ரிக் பள்ளியில் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். ஊருக்கும் ஒரு தனியார் பள்ளி வேன் வருகிறது, கொழுந்தனார் பிள்ளைகள் அதில்தான் போகிறார்கள். எங்களால் இனி அந்த ஃபீஸ் கட்ட முடியாது. நானும் அரசுப் பள்ளியில் படித்தவள்தான், அதனால் எனக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை. எந்தப் பள்ளி என்பதில்தான் குழப்பம்.

ஊரிலேயே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருக்கிறது, 8 வரை. எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து கேட்கும், அவ்வளவு பக்கம். வடக்கே 6 கிலோமீட்டரில் அரசு மேல்நிலைப் பள்ளி, 6 முதல் 12 வரை. தெற்கே 4 கிலோமீட்டரில் சர்ச் நடத்தும், அரசு உதவி பெறும் பள்ளி, 10 வரை. இரண்டுக்கும் பஸ்தான்.

கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெற்கே இருக்கிற பள்ளியின் வாசலில் '10-ம் வகுப்பில் 100 சதவீதம்' என்று பெரிய ஃப்ளெக்ஸ் இருக்கிறது, அங்கேயே போடு என்கிறார் கொழுந்தனார். பெண் பிள்ளையை எதற்கு பஸ்ஸில் அலைய விட வேண்டும், 8 வரை ஊரிலேயே இருக்கட்டும் என்கிறார் மாமியார். நாத்தனாருக்கு மேல்நிலைப் பள்ளிதான் சரி என்று படுகிறது, கட்டடம் பெரிதாம், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கிறதாம்.

மகளுக்கு அறிவியல் என்றால் உயிர். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட தெர்மாமீட்டரில் பாதரசம் ஏன் ஏறுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தப்பாக எதையும் செய்துவிடக் கூடாது. மூன்று பள்ளியையும் பார்க்க மார்ச்சில் இரண்டு நாள் லீவு போட்டு வரலாம் என்று இருக்கிறேன். போனால் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும்? இன்னொன்று, இங்கே பள்ளியில் ஃபீஸ் பாக்கி இருக்கிறது, முழுதும் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்கிறார்கள். அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.


பதில்: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, மண்டபம் ஒன்றியம்

அம்மா, முதலில் டி.சி. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். 8-ம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. பிள்ளைகளின் எமிஸ் எண்ணை, அதாவது மாணவருக்குக் கல்வித் துறை கொடுக்கிற அடையாள எண்ணை மட்டும் மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றும் ஆதாரும் கையில் இருந்தால் போதும், மீதியைத் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

இனி பள்ளிக்கு வருவோம். நான் 31 வருடம் இந்தக் கரையில் வேலை பார்த்தவள். கடலாடி ஒன்றியத்தில் ஆரம்பித்து, திருப்புல்லாணி, அப்புறம் மண்டபம். எல்லாமே கடலோர ஊர்கள். அதை வைத்துச் சொல்கிறேன்: அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் ராமநாதபுரம் மாவட்டம் தேர்ச்சியில் ஒன்றும் பின்தங்கியது இல்லை. 10-ம் வகுப்பில் 2019-ல் 98.48 சதவீதத்தோடு மாநிலத்தில் இரண்டாவது இடம், 2024-ல் 96.36 சதவீதத்தோடு மூன்றாவது இடம். மாவட்டமே அந்த உயரத்தில் நிற்கும்போது பெரும்பாலான பள்ளிகள் 90-ஐத் தாண்டித்தான் காட்டும். அந்த எண் ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியிலிருந்து பிரித்துக் காட்டாது.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இப்போது 10 எழுதப்போகிற பிள்ளைகள் நான்கு வருடத்துக்கு முன்பு 6-ல் இருந்தபோது எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்?

நான் கடைசியாக இருந்த ஊரின் கதையைச் சொன்னால் புரியும். எங்கள் நடுநிலைப் பள்ளியில் 8 முடித்த பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் 9-ல் சேருவார்கள். ஒரு வருடம் 17 பேரை அனுப்பினேன். 10-ம் வகுப்புத் தேர்வு எழுதியது 9 பேர். ஒன்பது பேரும் பாஸ், அந்தப் பள்ளிக்கு நூற்றுக்கு நூறு. மீதி 8 பேரின் பெயர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அதில் ஆறு பேர் பையன்கள். அவர்களைப் பிறகு கரையில்தான் பார்த்தேன். ஒருவன் பனிக்கட்டிப் பெட்டி தூக்கிக்கொண்டு போனவன், என்னைப் பார்த்ததும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு "வணக்கம் டீச்சர்" என்றான். வாய்ப்பாடு 16 வரை தலைகீழாகச் சொல்கிற பிள்ளை அவன்.

இது ஏன் நடக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகில் கூலிக்குப் போகிற வீட்டில் அந்த இரண்டு மாதமும் நிவாரணத் தொகையும் கடனும்தான். தடை முடிந்து படகு இறங்கும்போது வீட்டில் வட்டி ஏறி நிற்கும், படகுக்கு ஆள் வேண்டியிருக்கும். பள்ளி திறந்து புத்தகம் கொடுக்கிற நாளும் அதே ஜூன்தான். 8 முடித்து வேறு பள்ளியில் சேர வேண்டிய பையன் அந்த இடைவெளியில்தான் நழுவுகிறான். படித்துக்கொண்டிருக்கிற பள்ளியை விட்டு நிற்பதற்குக் கொஞ்சம் மனசு வேண்டும். புதுப் பள்ளியில் போய்ச் சேராமல் விடுவதற்கு ஒன்றுமே வேண்டாம், சும்மா இருந்தால் போதும். கலாம் அய்யாவுக்கே தொடக்கப் படிப்பு ராமேஸ்வரத்தில், உயர்நிலைப் படிப்புக்கு ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி. பள்ளி மாறுகிற அந்தக் கட்டத்தைத் தாண்டுவது இந்தக் கரையில் எப்போதுமே ஒரு பெரிய காரியம்தான்.

இந்தக் கணக்கைப் பள்ளியில்தான் கேட்க வேண்டும் என்பது இல்லை. நாட்டில் ஒவ்வொரு பள்ளியின் விவரத்தையும் அரசு பதிந்து வைக்கிற யுடைஸ் கணக்கில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு, நம் மாநிலத்துக்கு 33-ல் தொடங்கும். யுடைஸ் தளத்தில் பள்ளியைத் தேடினால் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியர் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை எல்லாம் வரும். பழைய வருடத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நேரில் போகும்போது வகுப்பறைக்கு உள்ளே எட்டிப் பாருங்கள். கரும்பலகையின் மூலையில் 'பதிவு', 'வருகை' என்று இரண்டு எண் எழுதியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். நண்டு நன்றாகப் படுகிற நாளில் போனால் இன்னும் நல்லது. அன்றைக்குத்தான் பிள்ளைகளை வலையிலிருந்து நண்டு எடுக்கக் கரைக்குக் கூப்பிடுவார்கள். அந்த நாளிலும் வருகை குறையாமல் இருந்தால், அங்கே யாரோ ஒரு ஆசிரியர் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார் என்று அர்த்தம்.

அப்புறம், கணக்கு வாத்தியாரும் அறிவியல் டீச்சரும் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட இது முக்கியம். நம் மாவட்டத்துக்கு வெளி மாவட்டத்திலிருந்து நிறைய ஆசிரியர்கள் வருகிறார்கள். இடமாறுதல் கலந்தாய்வு வந்தால் சொந்த ஊர்ப் பக்கம் போக விரும்புவது இயற்கை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடம் உடனே நிரம்புவதில்லை. உதவி பெறும் பள்ளியில் இந்தக் கலந்தாய்வு கிடையாது. சேர்ந்தவர் பெரும்பாலும் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருப்பார். அது ஒரு பெரிய பலம்.

மகனுக்கு யோசிக்கவே வேண்டாம், உள்ளூர்ப் பள்ளி. காலை உணவு 1 முதல் 5 வரை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் 2023 ஆகஸ்டிலிருந்து உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது ஆசிரியர் எண்ணிக்கை. ஐந்து வகுப்பும் சேர்த்து 60 பிள்ளைகள் வரை என்றால் இரண்டு ஆசிரியர்தான், சட்டமே அப்படித்தான். அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியராகவும் இருந்தால் பாதி நேரம் பதிவேட்டில் போய்விடும். அதனால் அங்கே 3-ம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.


பதில்: பாம்பன் அப்பா

டீச்சர் சொன்னது எல்லாம் சரி. நான் என் மகள் விஷயத்தில் தெரியாமல் செய்த ஒன்றைச் சொல்கிறேன், இந்தத் தங்கச்சிக்கு அது உதவும்.

மூத்தவளை 6-ல் உதவி பெறும் பள்ளியில் சேர்த்தேன். நல்ல பள்ளி, இன்றைக்கும் அந்தப் பள்ளியை நான் குறை சொல்ல மாட்டேன். 10-ல் 462 மார்க். 11, 12 அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தாள். நீட் எழுதினாள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-லிருந்து 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறதல்லவா, அதில் கிடைத்துவிடும் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் போடும்போதுதான் தெரிந்தது, 6 முதல் 12 வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அதில் சேராது. ஐந்து வருடம் அங்கே படித்ததால் அந்தக் கதவு மூடிவிட்டது. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நானும் இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை.

இப்போது நர்சிங் படிக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் 6-ல் சேர்க்கும்போது யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று இன்னும் தோன்றும். பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் 2021-லிருந்து அதே 7.5 சதவீதம் உண்டு. அந்த இடத்தில் சேர்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. உங்கள் பெண் 5 வரை மெட்ரிக்கில் படித்தது தடை இல்லை, 6-லிருந்துதான் கணக்கு. நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி.

புதுமைப் பெண் திட்டத்தில் அந்தக் குழப்பம் இப்போது இல்லை. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்தது, அப்புறம் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். மேல்நிலைப் பள்ளி என்றால் 11-ல் என்னென்ன குரூப் இருக்கிறது, உயிரியல் உண்டா, அதற்கு முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா என்று இப்போதே கேளுங்கள். பெரிய கட்டடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. அடுத்தது பஸ். காலையில் எப்படியாவது போய்விடலாம். 10-ம் வகுப்பு வந்தால் மாலையில் சிறப்பு வகுப்பு வைப்பார்கள், விட ஆறு மணி ஆகும். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கு இருட்டு, வாடைக் காற்று, மழை. நான் கரையில் இருக்கிற நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டில் நிற்பேன். கடலில் இருக்கிற நாளில் அவள் அம்மா டார்ச் லைட்டோடு நிற்பாள். மாலை பஸ் நேரத்தை ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு வாருங்கள்.


பதில்: பாசி எடுப்பவரின் மகள்

அக்கா, நான் ராமநாதபுரத்தில் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். திருப்புல்லாணி ஒன்றியத்தில் ஒரு கரையோர ஊர். அம்மா மன்னார் வளைகுடாவில் கடல் பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி எடுப்பார்கள். எங்கள் வீட்டில் 10-ஐத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

ஊர்ப் பள்ளி என்றால் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். நான் 8 வரை படித்தது அப்படி ஒரு நடுநிலைப் பள்ளி. 8-ல் நாங்கள் 13 பேர். எங்கள் அறிவியல் சார் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, தேசிய வருவாய்வழித் திறனறி உதவித்தொகைத் தேர்வுக்கு, அதுதான் என்.எம்.எம்.எஸ்., பழைய வினாத்தாளைப் போட்டுப் பழக்குவார். காசு வாங்க மாட்டார். எங்களில் மூன்று பேர் பாஸ் ஆனோம். 9 முதல் 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் என் கணக்கில் வந்தது. அந்தப் பணம் வந்ததால்தான் என்னை 9-க்கு அனுப்பினார்கள், அதை நான் மறைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு பள்ளியிலும் போன மூன்று வருடத்தில் எத்தனை பேர் இந்தத் தேர்வில் தேறினார்கள் என்று கேளுங்கள். ஒரு ஆசிரியர் பாடத்துக்கு மேலே மெனக்கெடுகிறாரா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆனால் டீச்சர் அம்மா சொன்ன அந்த 8-க்கும் 9-க்கும் நடுவிலான இடைவெளி பெண்களுக்கும் இருக்கிறது. எங்கள் 13 பேரில் பெண்கள் 7 பேர். 9-ல் சேர்ந்தது 4 பேர். மற்ற மூன்று வீட்டிலும் சொன்ன காரணம் ஒன்றுதான், வயதுக்கு வந்த பிள்ளையை எப்படி பஸ்ஸில் அனுப்புவது. 6-லேயே பஸ்ஸில் போய்ப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பேச்சு வராது. சின்ன வயசிலேயே ஊர்க் கண்ணுக்குப் பழகிவிடும்.

கழிப்பறையை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். வெளியில் பூட்டியிருந்தால் சாவி வாங்கித் திறந்து பாருங்கள். நம் பக்கம் உப்புக் காற்று, இரும்புத் தாழ்ப்பாள் இரண்டு வருடம்கூடத் தாங்காது. நான் 9-ல் சேர்ந்த பள்ளியில் பெண்கள் கழிப்பறை நான்கில் ஒன்றுக்குத்தான் தாழ்ப்பாள் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாதத்தில் அந்த மூன்று நாள் நிறைய பேர் லீவு போட்டுவிடுவார்கள். கரும்பலகை மூலையில் வருகை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா, உப்பா, காவிரித் தண்ணீரா என்றும் பாருங்கள்.


பதில்: ஊர் திரும்பும் அம்மா

எல்லோருக்கும் முதலில் நன்றி. பாம்பன் அண்ணன் எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எங்களுக்கு அந்த 6 முதல் 12 விஷயம் தெரியாது.

போன வியாழனும் வெள்ளியும் மூன்று பள்ளிக்கும் போய் வந்தேன்.

உள்ளூர்ப் பள்ளியில் 1 முதல் 5 வரை 48 பிள்ளைகள், இரண்டு டீச்சர். 3-ம் வகுப்புக் கரும்பலகையில் பதிவு 9, வருகை 9. அன்றைக்குக் கரையில் நண்டு நிறைய வந்திருந்தது, நானே பார்த்துவிட்டுத்தான் போனேன். டீச்சர் பிள்ளைகளை வாசிப்பில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் (மலர்தான் மேல் நிலை) என்று மூன்று வட்டமாக உட்காரவைத்திருந்தார். தயங்கித் தயங்கி ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். மலர் வட்டத்திலிருந்து கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் மொட்டு வட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை ஒரு பத்தியை விரலை வைத்து வைத்து வாசித்தது. 'முயற்சி'யில் தடுக்கியது, மறுபடி எழுத்துக்கூட்டிச் சரியாகச் சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்துச் சிரித்தது. மகன் விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

தெற்கே உதவி பெறும் பள்ளி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் மனசு அங்கேதான் போனது. அறிவியல் டீச்சர் 18 வருடமாக அங்கே இருக்கிறார். ஆய்வக அலமாரியில் ஒவ்வொரு பாட்டிலிலும் அவர் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறது. கடலில் எடுத்த சங்கு, கடல்குதிரை, பவளத்துண்டு எல்லாம் எந்தக் கரையில் எந்த வருடம் கிடைத்தது என்று சீட்டோடு வைத்திருக்கிறார். சிலது 2004-ல் சேர்த்தது, வேலைக்கு வருவதற்கு முன்பே எடுத்து வைத்ததாம். கணக்கும் கேட்டேன். இப்போது 10-ல் இருக்கிறவர்கள் 36 பேர், 6-ல் இருந்தபோது 38. போனது இரண்டு பேர், ஒரு குடும்பம் சென்னைக்கு மாறிவிட்டதாம். டீச்சரம்மா, அந்த ஃப்ளெக்ஸ் அங்கே பொய் இல்லை.

வடக்கே மேல்நிலைப் பள்ளி. 6-ல் இருந்த 71 பேரில் 10-ல் 58 பேர். தலைமை ஆசிரியர் மறைக்காமல் சொன்னார். போன 13 பேரில் ஐந்து பேரை அவரே பெயர் சொல்லி, இன்ன ஊர், இன்னார் மகன், இப்போது எங்கே வேலை என்று சொன்னார். கணக்கு வாத்தியார் 9 வருடமாக இருக்கிறார், பக்கத்து ஊர்க்காரர். அறிவியல் இடம் போன கலந்தாய்விலிருந்து காலி. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திதான் எடுக்கிறாள், எம்.எஸ்சி. முடித்தவள். 11-ல் உயிரியல் குரூப் இருக்கிறது, ஆசிரியரும் இருக்கிறார். பெண்கள் கழிப்பறை ஆறில் நான்குக்குத் தாழ்ப்பாள் இருந்தது, புதிதாக அலுமினியத்தில் போட்டிருந்தார்கள். எப்போது போட்டது என்று கேட்டேன். போன டிசம்பரில், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு அம்மா எழுந்து கேட்டதால் போட்டதாம். மீதி இரண்டும் இந்த மாதம் வரும் என்றார்.

மகளை அங்கேயே சேர்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அறிவியல் டீச்சர் இல்லாத பள்ளியில் அறிவியல் பிடித்த பிள்ளையைச் சேர்க்கிறேனே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் 12 வரை பள்ளி மாற வேண்டாம், அந்த 7.5-ம் கையை விட்டுப் போகாது. தெற்கே அந்த டீச்சரிடம் போய் நிலைமையை அப்படியே சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் அலமாரியைத் துடைத்து அடுக்க எப்படியும் வருவேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, எந்தப் பள்ளியில் படித்தால் என்ன என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றோர் கூட்டத்துக்கு ஜூலையிலிருந்து நான் தவறாமல் போகப் போகிறேன், அந்தக் காலி இடத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பேன்.

மாலை பஸ் 4.40-க்கு ஒன்று, அதை விட்டால் 6.50. மழைக்காலத்தில் 6.50 பஸ் ஊருக்குள் வராது என்று டீக்கடையில் சொன்னார்கள். அந்த வழியில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பதில்: திருப்பாலைக்குடி பக்கம்

அக்கா, உங்கள் ஊர் விலக்கிலிருந்து அடுத்த ஊர்தான் நாங்கள். மழை பெய்தால் பஸ் விலக்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், ரோட்டில் ஓடைத் தண்ணீர் ஏறிவிடும். என் தங்கச்சி அந்தப் பள்ளியில்தான் 9-ம் வகுப்பு, உங்கள் ஊரிலிருந்து மூன்று பெண்கள் அவளோடு வருகிறார்கள். போன மழைக்கு அந்த மூன்று வீட்டுக்காரர்களும் முறை வைத்து விலக்கில் வந்து நின்றார்கள், திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று. நீங்களும் சேர்ந்தால் நான்கு வீடு. ஜூனில் வந்ததும் சொல்லுங்கள், அவர்களிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.